செம்மணிகள் திரும்பின

தங்கை வருகிறாள் என்றால் அக்கா முதலில் கையைத்தான் நீட்டுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். சின்னவள் பையிலிருந்து ஊசியை எடுப்பாள், பஞ்சால் விரல்நுனியைத் துடைப்பாள், ஒரே குத்து. வருகிற சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித்துண்டில் வாங்கி, இன்னொரு துண்டின் விளிம்பால் ஓர் இழுப்பு இழுத்தால் மெல்லிய படலமாகப் பரவிவிடும். அது காய்வதற்குள் காபி வந்துவிடும். "கொசு வந்துட்டா, கொசு வந்துட்டா" என்று அக்கா கடை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு அவள் வைத்த பெயர் அது. சின்னவளுக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

அக்காவும் மாமாவும் ரொட்டிக்கடை நடத்தினார்கள். முன்பக்கம் கண்ணாடி அலமாரி. பின்பக்கம் மாவு மூட்டைகள், பிசையும் மேசை, சுவரோடு சேர்ந்த பெரிய அடுப்பு. கடை அக்காவுடையது என்பது தெருவுக்கே தெரியும். மாமா அதில் சம்பளமில்லாத வேலையாள். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இதில் கொடுமை என்னவென்றால் அக்காவுக்கு ஆஸ்துமா, அது வருவதோ மாவுத்தூசியால். ரொட்டியாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, மூச்சோடு உள்ளே போனால்தான் வம்பு. மூட்டையைப் பிரித்தால் போதும், மூக்கில் தண்ணீர் கொட்டும், நெஞ்சில் விசில் அடிக்கும். கடையை விட்டுவிடு என்று சொல்லாத டாக்டர் இல்லை. அவளோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சுத்திணறினால் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயை இடுப்பில் செருகிக்கொண்டு பிசைவாள். இருமல் வந்தால் வாசலுக்கு ஓடி இருமி முடித்து, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து பிசைவாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

அவளுடைய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது சின்னவளுக்கு ஒரு கொண்டாட்டம். வெள்ளையணுக்களில் ஒரு வகை உண்டு, பாடப்புத்தகத்தில் அதற்கு இயோசினோஃபில் என்று பெயர். சாயம் போட்டதும் அதன் வயிறு முழுக்கச் சிவப்பு மணிகள் தெரியும், மாதுளையைப் பிளந்தது மாதிரி. சின்னவள் தன்னளவில் அதைச் செம்மணி என்பாள். உடம்புக்குள் புழு பூச்சி நுழைந்தால் எதிர்த்து நிற்பது அதன் வேலை. ஒவ்வாமைக்காரர்களின் உடம்பில் அதற்குப் புத்தி பிசகிவிடும். ஒன்றுமில்லாத மாவுத்தூசியைக் கண்டு ஊரையே கொளுத்துகிற ஆவேசத்தோடு கிளம்பி, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டுத்தான் ஓயும். மற்றவர்கள் ரத்தத்தில் தேடித் தேடி ஒன்றிரண்டு அகப்படும். அக்காவின் ரத்தத்திலோ கண்ணை வைத்ததுமே கூட்டமாக நிற்கும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குக் காட்டவென்றே பரிசோதனைக்கூடத்தில் அவள் ரத்தம் தடவிய கண்ணாடித்துண்டு ஒன்று பத்திரமாக இருந்தது.

இடையில் சின்னவளை வேறொரு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. போனில் அக்கா நல்ல சேதியாகவே சொன்னாள். யாரோ ஒருவர் பொடி தருகிறாராம், தேனில் குழைத்துக் காலையும் மாலையும் சாப்பிடுகிறாளாம், இருமல் இருந்த இடம் தெரியவில்லையாம். ஸ்பிரேயைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாளாம். அக்காவின் குரலில் அப்படி ஒரு துள்ளலைச் சின்னவள் கேட்டதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு.

மாற்றல் முடிந்து திரும்பி வந்த அன்று நேரே கடைக்குப் போனாள். அடுப்பறையில் யாரோ ஒரு பெண் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வேலைக்கு ஆள் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள் சின்னவள். அந்தப் பெண் வாயில் துணி கட்டியிருக்கவில்லை. சுற்றிலும் மாவு புகையாகப் பறக்க, நடுவில் நின்று ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். உப்பிய வட்ட முகம், பளபளவென்று சிவந்த கன்னங்கள், தாடையோரம் மெல்லிய பூனைமுடி. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது. உடம்பு அத்தனை பெருத்தும் கைகால்கள் மட்டும் குச்சியாக இருந்தன.

அந்தப் பெண் திரும்பினாள். "கொசு வந்துட்டா!" என்றாள்.

சின்னவள் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். குரல் அக்காவுடையது, கண்களும் அக்காவுடையவைதான். ஆனால் அந்தக் கண்களை யாரோ எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பது மாதிரி இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கறே? குண்டாயிட்டேன்னுதானே? நல்லா பசிக்குதுடி. நல்லா மூச்சு விடறேன். இந்தா, குத்து" என்று விரலை நீட்டினாள்.

ஊசி பட்டதோ இல்லையோ, ரத்தம் வந்துவிட்டது. தோல் காகிதமாக இருந்தது. குத்தும்போது ஆடாமலிருக்க மணிக்கட்டைப் பிடித்திருந்தாள் சின்னவள், வழக்கமாகப் பிடிப்பதுபோல் லேசாகத்தான். காபி குடித்து முடிப்பதற்குள் பிடித்த இடத்தில் அவள் விரல்கள் நீலமாகப் பதிந்து எழுந்தன. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கைகளில் அப்படி இன்னும் பல நீலங்கள் இருந்தன.

மாமா வாசல்வரை கூட வந்தார். வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கக்கா தூங்கறதே இல்லம்மா. கூடத்துல நடந்துகிட்டே இருக்கா. நின்னுகிட்டே சாப்பிடறா. சிலசமயம் சுவத்தைப் பாத்துச் சிரிக்கறா."

"நீங்க கேக்கலையா மாமா?"

"என்னன்னு கேக்கறது? இத்தனை வருஷமா இருமி இருமிச் சாவறவ, இப்ப சிரிக்கறா. ஏன் சிரிக்கறேன்னா கேக்க முடியும்? ஆனா ஒண்ணு. அது அவ சிரிப்பு இல்ல." சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்தவர்போல உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பரிசோதனைக்கூடத்தில் அக்காவின் துண்டுக்குச் சாயம் போட்டுக் கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். செம்மணி ஒன்றுகூட இல்லை. துண்டை மெல்ல நகர்த்தினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், திரும்ப அங்கிருந்து இங்கே. குறைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஒன்றுகூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? திருட்டுப் பயமே இல்லாத ஊரிலும் காவலுக்கு ஒருவன் இருப்பான் அல்லவா? சாயத்தில்தான் கோளாறு என்று இன்னொருவரின் துண்டைப் போட்டுப் பார்த்தாள். அதில் ஒழுங்காகத் தெரிந்தது. துண்டு மாறிவிட்டதோ என்று சாயங்காலமே கடைக்கு ஓடி இன்னொரு சொட்டு வாங்கிவந்தாள். அதிலும் இல்லை. அக்காவின் ரத்தம் என்று இத்தனை வருஷம் அவளுக்குத் தெரிந்த எதுவும் அந்தத் துண்டில் இல்லை. ஆளும் மாறி, ரத்தமும் மாறினால் அப்புறம் அந்தக் கடைக்குள் இருப்பது யார்?

பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் இருக்க, அவள் மைக்ரோஸ்கோப்பை விட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். அப்புறம் படிப்பு கைகொடுத்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலோடு வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டபின் எடுத்த ரத்தத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதே வெறுமைதான். அந்த மருந்து உள்ளே போனால் செம்மணிகள் பாதி செத்துப்போகும், மீதி ரத்தத்தை விட்டு ஒதுங்கி ஒளிந்துகொள்ளும். தேனில் குழைத்துச் சாப்பிடுகிற பொடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்த முறை பொடி வாங்கப் போகும்போது அக்காவோடு அவளும் ஒட்டிக்கொண்டாள். தையல்கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. பலகை இல்லை, பெயர் இல்லை. படியேறி உள்ளே நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சுவரோரமாகப் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். கிழவர், நடுவயதுப் பெண், வேலைச்சீருடை போட்ட ஆண், பள்ளிப்பையோடு ஒரு பெண்குழந்தை. ஒருவருக்கொருவர் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே முகம். அதே வட்டம், அதே பளபளக்கும் கன்னம், அதே பூனைமுடி, அதே உள்ளொடுங்கிய கண். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களைப் போல அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்கள். அந்த அறையில் அவள் ஒருத்திதான் வேற்றாள். அக்கா அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்ததும், எது அக்கா என்று கண்டுபிடிக்க ஒரு கணம் பிடித்தது.

"வாங்கம்மா" என்றார் பக்கத்து நாற்காலிச் சீருடைக்காரர். அக்காவுக்குத் தெரிந்தவர், பஸ் டிரைவர். "தங்கச்சியா? முகஜாடையே இல்லையே."

"முன்னால இருந்துது அண்ணே" என்று அக்கா சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். இரண்டும் ஒரே சிரிப்பு.

பொடிக்காரர் மடிப்புக் கலையாத சட்டையும் மெல்லிய குரலுமாக இருந்தார். நாடி பார்க்கவில்லை, நாக்கைப் பார்க்கவில்லை, என்ன செய்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. தகரடப்பாவிலிருந்து கரண்டியால் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாதும்மா. விட்டா அதுக்குக் கோபம் வரும்" என்று ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னார். வியாபாரம் குறையக்கூடாதே என்ற கவலை என்று சின்னவள் மனதுக்குள் கறுவினாள். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே அது ஒன்றுதான் உண்மை. அது அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியிலேயே உண்மையைப் போட்டு உடைத்தாள். ஸ்டீராய்டு என்றாள், எலும்பு பொடியாகும் என்றாள், முகத்தைக் கண்ணாடியில் பாரு என்றாள். அக்கா நடுத்தெருவில் நின்றாள்.

"கலக்கறாரா? கலக்கட்டும். மாவு மூட்டையைப் பிரிச்சு, அது பறக்கறதை நின்னு வேடிக்கை பாத்திருக்கியா நீ? வெயில் அடிக்கும்போது எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? இத்தனை வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன். என்னை மறுபடி வாசல்ல நின்னு இருமச் சொல்றியா?"

"அக்கா, அது விஷம்கா."

"விஷமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ வாயை மூடு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள். மாமாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சின்னவள் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருப்பார். கேட்கவில்லை. ரத்தத்தைப் படிப்பதில் தன் கண்ணுக்கு மேல் கண் இல்லை என்று அவளுக்கு ஒரு மிதப்பு. துண்டுதான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே, மருந்து நின்றால் செம்மணிகள் திரும்பும், திரும்பினால் அக்காவும் திரும்புவாள், இதற்கு யாரைக் கேட்க வேண்டும்? கண்ணாடித்துண்டு பொய் சொல்லாது, வாஸ்தவம். கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்வதுமில்லை. எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றாமல் போயிற்று.

கடையில் கருகிப்போன ரொட்டிகளை ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள். அவற்றின் மேல்தோலைச் சுரண்டி, கசப்புக்குக் கொஞ்சம் காபித்தூள் சேர்த்து அரைத்தாள். நிறமும் கசப்பும் அச்சு அசலாக வந்தன. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, பொடிப் பொட்டலங்கள் ஒவ்வொன்றையும் பிரித்துத் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, கருகல் தூளை நிரப்பி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். தொட்டிக்குள் பழுப்பாகச் சுழன்று இறங்கியதைப் பார்த்தபோது அக்காவைப் பிடித்த எதையோ கழுவிவிட்ட திருப்தி அவளுக்கு. தேனில் குழைத்து நக்கிய அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.

முதலில் முனகல் நின்றது. அப்புறம் பசி நின்றது. அக்கா நாற்காலியைத் தேடி உட்கார ஆரம்பித்தாள். நெஞ்சில் லேசாக விசில் கேட்டது. சின்னவள் புது ஸ்பிரே வாங்கிக் கையில் கொடுத்தாள். "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி. எழுந்தா கண்ணு இருட்டுது" என்றாள் அக்கா. மருந்து உடம்பை விட்டு இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று சின்னவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வரும்போதெல்லாம் விரலைக் குத்தினாள். அக்கா கையை நீட்டக்கூட முடியாமல், மடியில் கிடந்த கையைக் கண்ணால் காட்டினாள்.

முதல் செம்மணியைப் பார்த்த காலையில் சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். தன்னந்தனியாக, மணிகள் நிறைந்த வயிற்றோடு, படலத்தின் ஓரத்தில் நின்றது. அடுத்த துண்டில் இன்னும் சில, அதற்கடுத்ததில் கூட்டம். தொலைந்துபோன அக்காவின் ஆட்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்புகிறார்கள் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தெம்பில், இதுதான் சமயம் என்று சுகாதார அதிகாரிகளுக்குப் புகார் கொடுத்தாள். அவர்கள் போய்த் தகரடப்பாவை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குச் சீல் வைத்தார்கள். பொடிக்காரர் அதற்கு முன்பே ஆளைக் காணோம். அதுவும் ஒரு வெற்றியாகவே பட்டது அவளுக்கு.

அதன்பின் எடுத்த துண்டில் செம்மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அக்காவின் ரத்தத்தில் எக்காலத்திலும் அவ்வளவு பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் மைக்ரோஸ்கோப்போடு டாக்டரம்மா அறைக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். துண்டை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். "யாருதும்மா இது?"

"எங்க அக்காவுது, டாக்டர். ஸ்டீராய்டு பொடி சாப்பிட்டு எல்லாம் காலியாயிருந்துது. நிறுத்திட்டேன். எல்லாரும் திரும்பிட்டாங்க பாருங்க."

டாக்டரம்மா தலையை நிமிர்த்தவில்லை. "எத்தனை நாள் சாப்பிட்டாங்க?"

"வருஷத்துக்குக் கிட்ட."

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுதானே நிறுத்தினே?"

"இல்ல டாக்டர். ஒரேயடியா."

இப்போது நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உன் ரத்தத்துல இது ஏன் கொஞ்சமா இருக்கு, என் ரத்தத்துல ஏன் கொஞ்சமா இருக்குன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா? நம்ம உடம்பே அந்த மருந்தைக் காய்ச்சுதும்மா. சிறுநீரகத்து மேல ஒரு சுரப்பி இருக்கே, அதோட வேலையே அதுதான். தினமும் அது கொஞ்சம் ஊத்தறதாலதான் இவங்க அடங்கி இருக்காங்க. ரத்த அழுத்தம் நிக்கறதும் அதாலதான், நாம எழுந்து நடக்கறதும் அதாலதான். வெளியிலிருந்து வண்டி வண்டியா வந்து இறங்கினா, நமக்கு என்ன வேலைன்னு சுரப்பி கடையைச் சாத்திட்டுத் தூங்கிடும். நீ வெளிச்சரக்கையும் நிறுத்திட்டே. இப்ப உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்ல." மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். "இதுல ஒவ்வாமை பாதின்னு வச்சுக்கோ. மீதிப் பேர் ஏன் இவ்வளவு தைரியமா வெளிய வந்திருக்காங்க? அடக்கறதுக்கு உள்ளே ஆளே இல்லம்மா. உங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"கடையில. நேத்து வாந்தின்னு சொன்னா. காலையிலேருந்து போன் எடுக்கல."

"ஓடு" என்றார் டாக்டரம்மா. அதற்குள் அவர் கை ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெருமுனையிலேயே கருகல் வாடை வந்தது. கடைவாசலில் வாடிக்கையாளர் இருவர் அலமாரிக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா சரக்குக் கொடுக்கப் போயிருந்தார். அடுப்பிலிருந்து கரும்புகை வந்தது. அக்கா மாவு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். சாயும்போது பிரித்த மூட்டையையும் இழுத்திருக்கிறாள், மேலெல்லாம் மாவு. குளிர்ந்த வியர்வையில் ஊறி, முகத்தில் அது பசையாக ஒட்டியிருந்தது. முடிக்காமல் விட்ட பொம்மை மாதிரி, கண்ணுமில்லை வாயுமில்லை. சின்னவள் இரண்டு கையாலும் வழித்து வழித்து எடுத்தாள். அடியில் அக்காவின் முகம் இருக்கவேண்டுமே, வேறு எதுவும் இருந்துவிடக்கூடாதே என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே வழித்தாள். நாடி இருக்கிறதா இல்லையா என்று அவள் விரலுக்குப் பிடிபடவில்லை. என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று அவள் அலறியது தெருவுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். படுக்கையில் போட்டதும் ஒரு கையில் உப்புநீர் ஏறியது, இன்னொரு கையில் ஊசி. என்ன ஊசி என்று சின்னவள் கேட்கவில்லை, புட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. விஷம் என்று அவள் தொட்டியில் கொட்டிய அதே இனம்தான், வேறு பெயரில், அளவோடு. மாமா வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் அக்காவின் காலில் ஒட்டியிருந்த மாவைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டி அக்கா கண்ணைத் திறந்தாள். உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. மாமா குனிந்து நடந்ததையெல்லாம் அவள் காதில் சொன்னார். அவள் தங்கையைப் பார்த்தாள்.

"ஒரு சொட்டுதானேடி கேட்டு வருவே" என்றாள் மெதுவாக. "இந்தத் தடவை மொத்தத்தையும் உறிஞ்சிட்டியே."

சின்னவள் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்காவின் கை தலையில் வந்து விழுந்தது. தடவுகிறாளா தள்ளுகிறாளா என்று சொல்லமுடியாத கனம். இனி மாதக்கணக்கில் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பி கண் விழிக்கும்வரை காத்திருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள். அப்புறம் திடீரென்று தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"பொடிக்காரர் கடையை மூடிட்டாங்கன்னு உங்க மாமா சொன்னாரே. நீதானா?"

"ஆமாம்கா."

"அப்ப அங்க வர்றவங்க?"

சின்னவள் நிமிர்ந்தாள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த அத்தனை வட்ட முகங்களும் அந்த அறையிலிருந்து எழுந்து, ஊரில் எங்கெங்கோ, எந்தெந்த வீட்டிலோ, காலிப் பொட்டலத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருவர் பெயரும் தெரியாது, ஒருவர் வீடும் தெரியாது.

"டிரைவர் அண்ணன் என் பக்கத்துல உக்காருவாரே" என்றாள் அக்கா. "நம்ம கடை வழியா போற பஸ்தான் ஓட்டறாரு. லீவே போடமாட்டாரு. அவருக்கு யாருடி ஊசி போடுவா?"

சின்னவள் எழுந்தாள். படியில் இறங்கும்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். பொடி சாப்பிட்டவர்களை உடனே ஆஸ்பத்திரிக்கு வரும்படி ரேடியோவில் சொல்லச் சொல்லுங்கள், சீல் வைத்தவர்களிடம் சொல்லுங்கள், அந்தப் படிக்கட்டில் யாரையாவது நிற்கவையுங்கள் என்று மூச்சு முட்டச் சொன்னாள். ரொட்டிக்கடை நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். சாயங்கால வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பஸ் வந்தது, வேறு டிரைவர். இன்னொன்று வந்தது, அதுவும் வேறு. தெருவில் போகிறவர்களின் முகங்களை வெறித்துப் பார்த்தாள். கொஞ்சம் கன்னம் உப்பியிருந்தாலும் கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு பெண்மணி பயந்து விலகி எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

மூன்றாவது பஸ் திருப்பத்தில் தெரிந்தபோதே அது சரியில்லை என்று புரிந்துவிட்டது. கோட்டைத் தாண்டி, மறுபடி கோட்டுக்குள் வந்து, குடித்தவனைப் போல வந்தது. ஜன்னலெல்லாம் பள்ளிப்பிள்ளைகள். சின்னவள் நிறுத்தத்தை விட்டுத் தெருவின் நடுவில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. ஒரு முழ தூரத்தில் வந்து நின்ற கண்ணாடிக்குப் பின்னால், வியர்வையில் நனைந்து சாம்பல் பூத்துப்போன அக்காவின் முகம் அவளைப் பார்த்தது. அவள் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டித் திறந்தாள்.

டிரைவரின் கைகள் ஸ்டீயரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளை அடையாளம் தெரிந்ததும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் கண்ணை இருட்டுது. பொடி தீந்துபோச்சு. கடையை எவனோ மூடிட்டான்."

"தெரியும் அண்ணே. மூட வச்சது நான்தான்" என்றாள் அவள். "சாவியைத் திருப்பி எஞ்சினை அணைங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க."